யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா: நேரத்தை வைத்துத் திட்டமிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மொன்டானா, ஐடஹோ ஆகிய மாநிலங்களுக்குள்ளும் சற்றே நீண்டு, ஏறத்தாழ 8,983 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்திருக்கிறது யெல்லோஸ்டோன். 1872 மார்ச் 1 அன்று அதிபர் யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் உருவான இந்தப் பூங்காவே உலகின் முதல் தேசியப் பூங்காவாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புவிவெப்ப அமைப்புகள் இங்கே உள்ளன. உலகில் இன்று இயங்கும் கெய்சர்களில், அதாவது வெந்நீரை இடைவெளி விட்டு வானோக்கிப் பீறிடும் ஊற்றுகளில், பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒரே பூங்காவின் எல்லைக்குள் இருக்கின்றன.

இங்கே வருபவர்களில் பலர் இடங்களின் நீண்ட பட்டியலோடு வந்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போய், வாகன நிறுத்துமிடங்களில் பாதி நாளைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். யெல்லோஸ்டோனில் எங்கே போகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பதே பயணத்தைத் தீர்மானிக்கிறது. விலங்குகள் விடியலிலும் அந்தியிலும் நடமாடுகின்றன. வண்ணக் குளங்களுக்கு உச்சியில் வெயில் வேண்டும். கெய்சர்களுக்கோ அவற்றுக்கே உரிய கடிகாரம் உண்டு. இந்த மூன்றையும் ஒரே நாளுக்குள் பொருத்துவது எப்படி என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

முதல் படி: காலடியில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

புறப்படுமுன் நிலவியலைச் சிறிது தெரிந்துகொண்டால், பூங்காவில் காணும் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இணைந்திருப்பது விளங்கும். சுமார் 21 லட்சம், 13 லட்சம், 6,40,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே மூன்று மாபெரும் எரிமலை வெடிப்புகள் நிகழ்ந்தன. கடைசி வெடிப்பில் நிலத்தடிப் பாறைக்குழம்பு வெளியேறியதும், மேலிருந்த தரை உள்வாங்கி, ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளமும் 48 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பெரும்பள்ளம் உருவானது. இதைக் கால்டெரா என்பார்கள். பிற்கால எரிமலைக் குழம்புகள் இந்தப் பள்ளத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிட்டன. அவற்றில் கடைசியானது சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் வழிந்தது. ஆகவே, எரிமலையின் மேலேயே நின்றுகொண்டு எரிமலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. விரைவில் ஒரு பெருவெடிப்பு நிகழும் என்பதற்கான அறிகுறி எதையும் அங்கே கண்காணித்துவரும் நிலவியலாளர்கள் காணவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு இன்னும் வெப்பத்தோடு இருக்கிறது. மழையும் பனியுருகலும் விரிசல்கள் வழியே கீழிறங்கி, அந்த வெப்பத்தால் சூடாகி மேலேறுகின்றன. ஆழத்தில் அழுத்தம் மிகுதியாக இருப்பதால், தரைமட்டக் கொதிநிலையைத் தாண்டிய பிறகும் நீர் ஆவியாகாமல் நீராகவே நிற்கிறது. மேலேறும் வழி தடையின்றித் திறந்திருந்தால் அமைதியான வெந்நீர்க் குளம் உருவாகும். வழியில் ஒரு குறுக்கம் இருந்தால் வெப்பம் தப்ப முடியாமல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் மேற்பகுதி நீர் சிறிது வழிந்து அழுத்தம் குறைந்தவுடன், கீழிருக்கும் நீர் ஒரே நேரத்தில் ஆவியாக விரிந்து அனைத்தையும் வெளியே தள்ளும். அதுவே கெய்சர். நீர் மிகக் குறைவாக உள்ள இடத்தில் வெறும் ஆவி மட்டும் சீறி வரும் நீராவித் துளையைக் காணலாம். நீர் குறைந்து அமிலம் மிகுந்த இடத்தில், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்ணும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கந்தக அமிலம் பாறையையே களிமண்ணாகக் கரைத்துவிட, கொழகொழவென்று கொப்பளிக்கும் சேற்றுக் குட்டை தோன்றும்.

இந்த நான்கு வகைகளையும் ஒரே சுற்றில் காண விரும்புபவர்கள், மேடிசன் சந்திப்புக்குத் தெற்கே உள்ள ஃபவுண்டன் பெயின்ட் பாட் என்ற இடத்தின் நடைபாதையைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அந்த நடையில் நான்கும் அடங்கிவிடும். முதல் நாளிலேயே இதைப் பார்த்துவிட்டால், பிறகு காணும் பெரிய ஊற்றுகளை அறிந்த கண்ணோடு பார்க்க முடியும்.

ஆண்டுக்கு 1,000 முதல் 3,000 வரை இங்கே பதிவாகும் நிலநடுக்கங்களில் பெரும்பாலானவற்றை மனிதர்கள் உணர்வதே இல்லை. ஆயினும் கனிமப் படிவுகளால் அடைபட்டுவரும் விரிசல்களை மீண்டும் திறந்துவைப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. 1959 ஆகஸ்டில் அருகிலுள்ள ஹெப்கென் ஏரிப் பகுதியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, நூற்றுக்கணக்கான ஊற்றுகளின் நடத்தை மாறிப்போனது. எனவே பழைய நூல்களில் உள்ள கெய்சர் நேரங்களை நம்பித் திட்டமிட வேண்டாம்.

இரண்டாம் படி: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

பூங்காவின் பெரும்பகுதி 2,300 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஆண்டின் எந்த மாதத்திலும் பனி பொழியலாம். நவம்பர் தொடக்கத்தில் உட்சாலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டு, ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே இறுதிக்குள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன. வடக்கு வாயிலிலிருந்து லமார் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கு வாயில் வரை செல்லும் சாலை ஒன்றுதான் ஆண்டு முழுவதும் சாதாரண வாகனங்களுக்குத் திறந்திருக்கிறது.

மே மாதப் பிற்பகுதியும் ஜூன் மாத முற்பகுதியும் விலங்குகளுக்கான காலம். பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருதுகளின் கன்றுகள் செம்பழுப்பு நிறத்தில் தாய்களின் அருகே ஓடித் திரியும். உறக்கம் கலைந்த கரடிகள் பனி உருகிய தாழ்நிலங்களில் மேயும். அருவிகளில் நீர் பெருகியிருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் எல்லாச் சாலைகளும் திறந்திருக்கும், ஆண்டுக்கு நாற்பது லட்சத்தைத் தாண்டும் வருகையாளர்களின் கூட்டம் மிகுவதும் அப்போதுதான். செப்டம்பரில் கூட்டம் ஓரளவு குறைகிறது. எல்க் மான்களின் இணைசேர் காலம் தொடங்கி, ஆண் மான்களின் நீண்ட கூவல் காலைப் பனிமூட்டத்தினூடே கேட்கிறது. பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்களுக்குச் செப்டம்பர் மாதத்தையே நான் பரிந்துரைப்பேன். காலை நேரக் குளிரால் குளங்களின் மேல் ஆவி அடர்த்தியாக நிற்பது மட்டுமே அதன் குறை, அதற்கான தீர்வைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: வாயில், தங்குமிடம், சாலை

பூங்காவுக்கு ஐந்து வாயில்கள் உண்டு. மேற்கு வாயில் கெய்சர் பகுதிகளுக்கு நெருக்கமானது. வடக்கு வாயில் மாமத் வெந்நீர் ஊற்றுகளுக்கும் லமார் பள்ளத்தாக்குக்கும் வழிவிடுகிறது; 1903-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அடிக்கல் வைத்த கல் வளைவு அங்கேதான் நிற்கிறது. தெற்கு வாயில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவோடு இணைகிறது. மற்ற இரண்டும் கிழக்கிலும் வடகிழக்கிலும் உள்ள மலைக்கணவாய்கள் வழியே வருபவை. பூங்காவுக்குள் பொதுப் போக்குவரத்து கிடையாது. சொந்த வாகனமோ வாடகை வாகனமோ வழிகாட்டிச் சுற்றுலாவோ இல்லாமல் சுற்றிப் பார்க்க இயலாது.

உட்சாலை எட்டு என்ற எண்ணின் வடிவில் அமைந்திருக்கிறது. மொத்த நீளம் 229 கிலோமீட்டர். கீழ்வளையம் கெய்சர்களையும் ஏரியையும் பள்ளத்தாக்கையும், மேல்வளையம் மாமத், டவர் பகுதிகளையும் இணைக்கின்றன. வரைபடத்தில் தூரம் சிறிதாகத் தெரிந்தாலும், உச்ச வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீட்டர்தான். சாலையைக் கடக்கும் பைசன் கூட்டம் அரை மணி நேரம் போக்குவரத்தை நிறுத்திவைப்பதும் இயல்பு. எனவே ஒரே தங்குமிடத்திலிருந்து தினமும் முழுப் பூங்காவையும் சுற்ற முயல்வது வீண் களைப்பு. இரண்டு இரவுகளை ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற புகழ்பெற்ற கெய்சர் அல்லது மேற்கு வாயிலுக்கு அருகிலும், இரண்டு இரவுகளை யெல்லோஸ்டோன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கேன்யன் பகுதியிலோ வடக்கு வாயிலில் உள்ள கார்டினர் ஊரிலோ கழிப்பது நல்லது. பூங்காவுக்குள் உள்ள விடுதிகள் கோடைக்கு மிக முன்கூட்டியே நிரம்பிவிடுகின்றன. ஆகவே விமானச் சீட்டுக்கு முன்பே அறையை முன்பதிவு செய்யுங்கள்.

ஏழு நாள்களுக்கான வாகன நுழைவுக் கட்டணம் 35 டாலர். 2026 தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வருகையாளர்களிடம் இப்பூங்கா உள்ளிட்ட சில பெரும் பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வசூலிக்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு செல்பவர்கள், ஆண்டு அனுமதிச் சீட்டு மலிவாக அமையுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். பூங்காவை நிர்வகிக்கும் தேசியப் பூங்கா சேவையின் செயலியை வரைபடத்தோடு முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். உள்ளே கைபேசி இணைப்பு பல இடங்களில் கிடைக்காது. எரிபொருள் சில சந்திப்புகளில் மட்டுமே கிடைப்பதால், பாதித் தொட்டி குறைந்தவுடன் நிரப்பிக்கொள்வது நல்லது.

நான்காம் படி: நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்

இந்தப் படியை இடங்களுக்கு முன்பாக வைப்பதற்குக் காரணம் உண்டு. யெல்லோஸ்டோனில் வேறெந்த இயற்கை அமைப்பையும்விட வெந்நீர் ஊற்றுகளே அதிகமான மனிதர்களைக் காயப்படுத்தியும் கொன்றும் இருக்கின்றன. குளத்தைச் சுற்றியுள்ள தரை திடமாகத் தெரிந்தாலும், பல இடங்களில் அது கொதிநீரின் மேல் படிந்த மெல்லிய கனிம ஓடு மட்டுமே. இவ்வுயரத்தில் நீரின் கொதிநிலை சுமார் 93 பாகை செல்சியஸ். உள்ளே குதித்த நாயை மீட்கக் குதித்தவரும் இறந்த நிகழ்வு பதிவாகியுள்ளது. மரப்பலகை நடைபாதையிலிருந்து இறங்குவது சட்டப்படி குற்றம். குழந்தைகளின் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தொப்பி பறந்துபோனால் அதைப் போகவிடுங்கள்.

ஊற்றுகளுக்குள் நாணயமோ கல்லோ வீசுவதும் குற்றமே. ஓல்ட் ஃபெய்த்ஃபுலைச் சுற்றி ஊற்றுகள் செறிந்த மேல் கெய்சர் வடிநிலத்தில் உள்ள மார்னிங் குளோரி குளம் ஒரு காலத்தில் ஆழ்ந்த நீலமாக இருந்தது. ஆண்டாண்டாக மனிதர்கள் வீசிய பொருள்கள் அதன் துளையை ஓரளவு அடைத்ததால் நீரின் வெப்பம் குறைந்தது; வெப்பம் குறைந்ததும் மஞ்சள் நிற நுண்ணுயிர்கள் உள்நோக்கிப் பரவின. இன்று அதன் நடுவில் தெரியும் பச்சையும் விளிம்பில் தெரியும் ஆரஞ்சும் அழகாகவே இருக்கின்றன. ஆயினும் அந்த அழகுக்குப் பின்னே ஒரு சேதம் இருக்கிறது என்பதை அறிந்து பார்ப்பதே அந்தக் குளத்துக்கு நாம் செய்யும் நியாயம்.

விதிகளைக் கடைப்பிடித்தாலும் நிலம் தன் போக்கில் நடக்கும். 2024 ஜூலை 23 அன்று பிஸ்கட் வடிநிலத்தில் நிலத்தடி நீர் திடீரென ஆவியாகி வெடித்து, கற்களையும் சேற்றையும் உயரே வீசி, நடைபாதையின் ஒரு பகுதியைச் சிதைத்தது. யாருக்கும் காயமில்லை. இத்தகைய காரணங்களால் சில பகுதிகள் மூடப்பட்டிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு காலையும் பார்வையாளர் மையத்திலோ செயலியிலோ நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: கெய்சர்களின் கடிகாரத்துக்கு ஏற்ப நடங்கள்

மேல் கெய்சர் வடிநிலத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். அங்குள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல், 1870-இல் வந்த வாஷ்பர்ன் பயணக்குழு பெயரிட்ட கெய்சர். அது 32 முதல் 56 மீட்டர் உயரம் வரை, ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை பீறிடுகிறது. மணிக்கொரு முறை என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், இன்றைய இடைவெளி சராசரியாக ஒன்றரை மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. ஒரு வெடிப்பு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவாக முடிந்தால் அடுத்தது சற்றொப்ப 65 நிமிடத்தில் வரும்; அதற்கு மேல் நீடித்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். நீண்ட வெடிப்பில் நிலத்தடிக் குழாய்கள் கூடுதலாகக் காலியாகி, மீண்டும் நிரம்பிச் சூடாக அதிக நேரம் பிடிப்பதே காரணம். இதை வைத்துத்தான் வனக்காவலர்கள் பத்து நிமிடம் முன்பின்னாக அடுத்த நேரத்தைக் கணிக்கிறார்கள். நீங்களும் ஒரு வெடிப்பைக் கைக்கடிகாரத்தில் அளந்து, பலகையில் எழுதப்படும் கணிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் காட்சியாக இருந்தது அந்தக் கணத்தில் புரிந்த செயலாக மாறுகிறது.

பெரும்பாலோர் ஒரு வெடிப்பைப் பார்த்துவிட்டு வாகனத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வந்தவுடன் பார்வையாளர் மையத்தில் கிராண்ட், காசில், டெய்சி, ரிவர்சைடு ஆகியவற்றின் கணிப்பு நேரங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சுற்றியே நடையை அமைத்துக்கொள்ளுங்கள். கணித்துக் காணக்கூடிய கெய்சர்களில் உயரமானது கிராண்ட். 60 மீட்டர் வரை எழும் அதன் நீர், ஓல்ட் ஃபெய்த்ஃபுலைப் போல ஒற்றைத் தூணாக நில்லாமல் வெடிவெடியாகச் சிதறி எழுகிறது. அதன் கணிப்பு நேர வரம்பு அகலமானது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரலாம், தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் எடுத்துச் செல்லுங்கள். ஃபயர்ஹோல் ஆற்றங்கரையில் உள்ள ரிவர்சைடு கெய்சர் ஆற்றின் மேல் வளைந்து பாய்கிறது. வெடிப்புக்கு ஓரிரு மணி நேரம் முன்பே அதன் வாயில் நீர் வழியத் தொடங்குவதால், காத்திருப்பதா நகர்வதா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். காசில் கெய்சரின் கூம்பு, நீரில் கரைந்திருந்த சிலிக்கா பல்லாயிரம் வெடிப்புகளில் படிந்து உருவானது. நீர் ஓய்ந்த பிறகும் அது நெடுநேரம் ஆவியைச் சீறிக்கொண்டிருக்கும்.

அதே வளாகத்தில் 1904-இல் திறக்கப்பட்ட ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதி, அக்கம்பக்கத்து மரத்தையும் கல்லையும் கொண்டு கட்டடக் கலைஞர் ராபர்ட் ரீமர் வடிவமைத்தது. அங்கே தங்காவிட்டாலும் முன்கூடத்தை உள்ளே சென்று பாருங்கள்.

ஆறாம் படி: வண்ணக் குளங்களுக்கு வெயிலேறிய பிறகு செல்லுங்கள்

மிட்வே வடிநிலத்தில் உள்ள கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று, அமெரிக்காவின் மிகப் பெரிய வெந்நீர் ஊற்று. அதன் அகலம் சுமார் 100 மீட்டர், ஆழம் 37 மீட்டர். நடுவே கொதிநிலைக்கு நெருங்கிய சூட்டில் எவ்வுயிரும் அடர்ந்து வளர இயலாது. தெளிந்த ஆழ்நீர் ஒளியைச் சிதறடிப்பதால் அந்தப் பகுதி நீலமாகத் தெரிகிறது. விளிம்பை நோக்கி நீர் ஆற ஆற, அந்தந்த வெப்பத்துக்கு உரிய நுண்ணுயிர்ப் படலங்கள் வளையம் வளையமாகப் படர்கின்றன. சூடு மிகுந்த பகுதியில் மஞ்சளும், அதற்கு வெளியே ஆரஞ்சும், ஆறிய ஓரத்தில் பழுப்பும் நிற்கின்றன. கோடையின் கடும் ஒளியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவை உண்டாக்கும் கரோட்டினாய்டு நிறமிகளே இந்த வண்ணங்களுக்குக் காரணம். பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தக் குளம் ஒரு வெப்பநிலை வரைபடம்.

இத்தகைய உயிர்களின் பயன் பூங்காவைத் தாண்டியது. அருகிலுள்ள கீழ் கெய்சர் வடிநிலத்தில் 1960-களில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் வெப்பம் தாங்கும் நொதியே, டிஎன்ஏவைப் படியெடுக்கும் பிசிஆர் முறையை எளிதாக்கியது. மருத்துவமனைகளிலும் தடயவியல் கூடங்களிலும் அன்றாடம் நடக்கும் சோதனைகளின் வேர் இந்தச் சேற்றோரத்தில் இருக்கிறது.

காலையில் இங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார்கள். காற்று குளிர்ந்திருக்கும்போது ஆவி குளத்தை முழுவதும் மூடிவிடுகிறது. நண்பகலுக்குப் பின் காற்று சூடேறி, சூரியனும் உயரே நிற்கும்போதுதான் வண்ணங்கள் தெளிகின்றன. ஆனால் அந்நேரம் வாகன நிறுத்துமிடம் நிரம்பி வழியும். கோடையில் இதற்குத் தீர்வு மாலை நான்கு மணி. ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் இரவு ஒன்பது மணியளவில்தான் மறைகிறது என்பதால், நான்கு மணிக்கும் வெயில் போதிய உயரத்தில் இருக்கும், கூட்டமோ கலையத் தொடங்கியிருக்கும். செப்டம்பரில் பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரையான நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நடைபாதையில் நின்று பார்த்தால் குளத்தின் முழு வடிவம் தெரியாது. சற்றுத் தெற்கே உள்ள ஃபேரி அருவி வாகன நிறுத்துமிடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால், குன்றின் சரிவில் ஒரு பார்வைமேடை வருகிறது. இரண்டையும் பார்க்க நேரமில்லை என்றால் மேடையையே தேர்ந்தெடுங்கள். கீழே செல்பவர்கள் எக்செல்சியர் கெய்சரின் பள்ளத்தைக் கடந்துதான் போக வேண்டும். அது நிமிடத்துக்குச் சுமார் 15,000 லிட்டர் வெந்நீரை ஆற்றில் கொட்டுகிறது.

ஏழாம் படி: நோரிஸ், மாமத், மட் வால்கனோ

நோரிஸ் வடிநிலம் பூங்காவின் மிகச் சூடான, மிக மாறுதலுக்குள்ளாகும் பகுதி. 326 மீட்டர் ஆழத்தில் ஒரு துளையில் 237 பாகை செல்சியஸ் அளக்கப்பட்டிருக்கிறது. இங்குள்ள நீரில் பெரும்பகுதி அமிலத்தன்மை கொண்டது. வெளிறிய போர்சிலின் வடிநிலத்தில் மரங்கள் இல்லை. ஆவியும் வெண்மையும் நீலப் பச்சை ஓடைகளும் கலந்த அந்த வெளி, பூங்காவில் வேறெங்கும் இல்லாத காட்சி. பின்வடிநிலத்தில் உள்ள ஸ்டீம்போட், உலகில் இயங்கும் கெய்சர்களிலேயே உயரமானது. அதன் பெரும் வெடிப்பு 90 மீட்டரைத் தாண்டும். அது 1911 முதல் 1961 வரை ஐம்பது ஆண்டுகள் பெருவெடிப்பின்றி உறங்கியது; 2018-இல் மீண்டும் விழித்து, 2019-இலும் 2020-இலும் தலா 48 முறை வெடித்தது. அதை யாராலும் கணிக்க இயலாது என்பதால், அதற்காகக் காத்திருந்து நாளை இழக்க வேண்டாம்.

மாமத் பகுதியின் படிக்கட்டுத் திட்டுகள் முற்றிலும் வேறு வகை. கெய்சர் பகுதிகளில் எரிமலைப் பாறையின் சிலிக்கா மெல்ல மெல்லப் படிகிறது; மாமத்தில் வெந்நீர் பழங்காலக் கடலடியில் உருவான சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து மேலே கொண்டுவந்து, கரியமில வாயு வெளியேறியதும் டிராவர்டைன் என்ற வெண்கல்லாக விரைந்து படியவைக்கிறது. நீரின் பாதை அடிக்கடி மாறுவதால், நிழற்படத்தில் கண்ட திட்டு நீங்கள் செல்லும்போது வறண்டு சாம்பல் நிறமாக இருக்கலாம். எங்கே நீர் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு அந்தப் பக்கம் நடங்கள்.

சேறு கொப்பளிக்கும் மட் வால்கனோ பகுதிக்கு அரை மணி நேரம் போதும். அழுகிய முட்டையை ஒத்த வாடை கடுமையாக இருக்கும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம். ஏரிக்கரையில் உள்ள வெஸ்ட் தம்ப் வடிநிலமோ அமைதியானது. சுமார் 1,74,000 ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட சிறிய வெடிப்பின் பள்ளமே ஏரியின் அந்த விரிகுடா. கொதிக்கும் ஊற்றுகள் குளிர்ந்த ஏரி நீரின் விளிம்பிலேயே இருப்பதை அங்கே காணலாம்.

எட்டாம் படி: பள்ளத்தாக்கும் ஏரியும்

யெல்லோஸ்டோன் ஆறு ஏரியிலிருந்து வெளிவந்து, 33 மீட்டர் உயர மேல் அருவியாகவும் 94 மீட்டர் உயரக் கீழ் அருவியாகவும் விழுந்து, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. இந்தப் பள்ளத்தாக்கும் வெந்நீரின் வேலைதான். நெடுங்காலம் வெந்நீரும் ஆவியும் ஊடுருவியதால் எரிமலைப் பாறை மென்மையாகி, ஆற்றின் அரிப்புக்கு இடங்கொடுத்தது. சுவர்களின் மஞ்சளும் சிவப்பும் கந்தகத்தால் வந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பாறையிலுள்ள இரும்புச் சேர்மங்கள் மாறுதலடைந்ததால் வந்த நிறங்கள் அவை.

தென்கரையிலுள்ள ஆர்டிஸ்ட் பாயின்ட் என்ற மேடைக்குக் காலை எட்டு மணி முதல் பத்து மணிக்குள் செல்லுங்கள். அருவி மீது ஒளி அப்போது நன்றாக விழும். முழங்கால் வலியில்லாதவர்கள் வடகரையிலிருந்து கீழ் அருவியின் விளிம்புக்கு இறங்கும் பாதையில் செல்லலாம். இறக்கம் சுமார் 180 மீட்டர். திரும்பி ஏறும்போது உயரத்தின் மெல்லிய காற்று மூச்சு வாங்கவைக்கும். 1871-இல் ஃபெர்டினாண்ட் ஹேடன் தலைமையில் வந்த ஆய்வுக்குழுவில் இருந்த ஓவியர் தாமஸ் மோரனின் ஓவியங்களும் வில்லியம் ஹென்றி ஜாக்சனின் நிழற்படங்களும் வாஷிங்டனில் காட்டப்பட்டு, பூங்காவைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு வலுவூட்டின.

அந்தக் குழுக்கள் வந்தபோது இது ஆளில்லா நிலமாக இருக்கவில்லை. இன்றைக்கு 27 பழங்குடி இனத்தார் யெல்லோஸ்டோனோடு தங்களுக்குள்ள தொடர்பைப் பேணுகிறார்கள். மாமத்துக்கும் நோரிஸுக்கும் இடையே சாலையோரம் நிற்கும் கருங்கண்ணாடிப் பாறையான அப்சிடியன் குன்றிலிருந்து ஏறத்தாழ 11,000 ஆண்டுகளாகக் கருவிகளுக்குக் கல் எடுக்கப்பட்டிருக்கிறது. சாலையில் கடந்து போகும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஏரி 2,357 மீட்டர் உயரத்தில், ஆண்டின் பாதியை நெருங்கும் காலம் உறைந்து கிடக்கும். வழியெங்கும் ஒரே உயரத்தில் நெருங்கி நிற்கும் இளம் லாட்ஜ்போல் பைன் காடுகள், பூங்காவின் ஏறத்தாழ 36 விழுக்காட்டைத் தொட்ட 1988 காட்டுத்தீக்குப் பின் முளைத்தவை. அம்மரங்களின் காய்களில் ஒரு பகுதி தீயின் வெப்பத்தில்தான் திறந்து விதை உதிர்க்கிறது.

ஒன்பதாம் படி: விடியலை விலங்குகளுக்குக் கொடுங்கள்

லமார், ஹேடன் ஆகிய இரண்டு பள்ளத்தாக்குகளும் விலங்குகளைக் காணச் சிறந்த இடங்கள். சூரியன் எழுவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். லமாருக்குச் செல்பவர்கள் முந்தைய இரவை வடக்குப் பகுதியில் கழித்தால்தான் இது நடைமுறைக்கு வரும். இருகண் தொலைநோக்கி இன்றியமையாதது. ஓநாய்களைக் காண, முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. அதிகாலையில் சாலையோரம் முக்காலிகளோடு நிற்பவர்களைக் கண்டால், ஒதுக்கிடத்தில் வண்டியை முறையாக நிறுத்திவிட்டு மெதுவாக விசாரியுங்கள். அவர்கள் பெரும்பாலும் அன்போடு தங்கள் கருவியில் பார்க்கவும் விடுவார்கள்.

1926-க்குள் இங்கே ஓநாய்கள் வேட்டையில் முற்றாக ஒழிக்கப்பட்டன. 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவரப்பட்டு விடப்பட்டன. அண்மை ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை நூறையொட்டி இருந்துவருகிறது. அவற்றின் வருகையால் எல்க் மான்கள் குறைந்து, ஆற்றோர மரங்கள் தழைத்தன என்ற கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. கரடிகள், மலைச்சிங்கங்கள், மனித வேட்டை, பருவநிலை ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு என்பதால், ஓநாய்களின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

பைசன்களின் மீட்சி அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. 1902 வாக்கில் பூங்காவில் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டு டஜன் மட்டுமே. இன்று ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. அமெரிக்காவில் பைசன்கள் வரலாற்றுக்கு முந்தைய காலத்திலிருந்து இடைவிடாமல் வாழ்ந்துவரும் ஒரே இடம் இது. அவை சாதுவாகத் தெரிவதுதான் ஆபத்து. ஆண் பைசன் 900 கிலோ வரை எடை கொண்டது, மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. இந்தப் பூங்காவில் மற்ற எல்லா விலங்குகளையும்விட அதிகம் பேரைக் காயப்படுத்தியதும் அதுவே. வால் மேல்நோக்கி நிமிர்ந்தால் அது பாயக்கூடும் என்று கொண்டு உடனே விலகுங்கள். பைசன், எல்க் போன்றவற்றிடமிருந்து குறைந்தது 23 மீட்டர், கரடி, ஓநாய், மலைச்சிங்கத்திடமிருந்து 91 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. விலங்கு உங்களை நோக்கி வந்தால் தொலைவைக் கூட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

காட்டுப் பாதைகளில் நடப்பவர்கள் மூன்று பேருக்குக் குறையாமல், பேசிக்கொண்டே செல்ல வேண்டும். பேர் ஸ்ப்ரே எனப்படும் கரடி விரட்டும் காரத் தெளிப்பானைப் பைக்குள் வைக்காமல், கை உடனே எட்டும்படி இடுப்பிலோ மார்பிலோ மாட்டிக்கொள்ளுங்கள். விமானத்தில் அதைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதால் அங்கேயே வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோதான் வழி. கரடி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். அது பாய்ந்து வந்தால் சுமார் 9 மீட்டர் நெருங்கும்போது தெளியுங்கள். உணவையும் வாசனைப் பொருள்களையும் கூடாரத்தில் வைக்காமல், முகாம்களில் உள்ள இரும்புப் பெட்டிகளிலோ பூட்டிய வாகனத்திலோ வையுங்கள்.

பத்தாம் படி: நாள்களை அடுக்குங்கள்

நான்கு நாள்கள் கிடைத்தால் இவ்வாறு அமைக்கலாம். முதல் நாள் மேற்கு வாயில் வழியே நுழைந்து ஃபவுண்டன் பெயின்ட் பாட்டைப் பார்த்து, மாலை நான்கு மணிக்குக் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் பார்வைமேடைக்குச் செல்லுங்கள். இரண்டாம் நாள் முழுவதையும் மேல் கெய்சர் வடிநிலத்துக்கு விடுங்கள். காலை ஏழு மணிக்கு ஓல்ட் ஃபெய்த்ஃபுலைச் சுற்றிய இருக்கைகள் ஏறக்குறைய காலியாகவே இருக்கும். மூன்றாம் நாள் விடியலில் கிளம்பி, வெஸ்ட் தம்ப், ஏரிக்கரை, ஹேடன் பள்ளத்தாக்கு வழியாகச் சென்று ஆர்டிஸ்ட் பாயின்ட்டை அடைந்து, பிற்பகலில் நோரிஸைப் பார்த்துவிட்டு வடக்கே மாமத்தின் திட்டுகளில் மாலையைக் கழித்துக் கார்டினரில் தங்குங்கள். நான்காம் நாள் இருள் பிரியுமுன் லமாருக்குச் செல்லுங்கள்.

இரண்டே நாள்கள் உள்ளவர்கள் மாமத்தையும் நோரிஸையும் விட்டுவிட்டு, கீழ்வளையத்தில் மட்டும் நிதானமாக நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்கு ஹேடன் பள்ளத்தாக்கே விலங்குகளுக்குப் போதும், அங்கே ஒரு விடியலையும் ஓர் அந்தியையும் ஒதுக்கலாம். ஐந்தாம் நாள் கிடைப்பவர்கள் புதிய இடம் எதையும் சேர்க்காமல், மேகத்தாலோ ஆவியாலோ தவறிப்போன ஒன்றுக்காக அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் தவறவில்லையெனில், இரண்டாவது முறை லமாருக்கே போங்கள், ஏனெனில் முதல் காலையில் தென்படாத ஓநாய்கள் மறுநாள் காலையில் அதே சரிவில் இருக்கக்கூடும்.